விற்பனைத் தொகையே தொழிற்சாலையின் மதிப்பு ஆகாது

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆண்டு விற்பனை 4 கோடி என்பதால் அதன் மதிப்பும் 4 கோடிதான் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி எவரும் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. விற்பனையில் பெரும்பகுதி இலைக்கும் விறகுக்கும் மின்சாரத்துக்கும் கூலிக்கும் போய்விடும். வாங்குபவருக்குக் கிடைப்பது மீதமுள்ள இலாபம் மட்டுமே.

அந்த இலாபத்தையும் கணக்கேட்டில் உள்ளபடியே எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்காட்டாக, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபம் 40 லட்சம் என்று காட்டியிருக்க, உரிமையாளர் சம்பளம் எடுக்காமல் தாமே மேலாளராக இருந்து, கட்டடமும் அவர் மனைவி பெயரில் வாடகையின்றி இருக்குமானால், புதியவர் மேலாளர் சம்பளமாக 12 லட்சமும் வாடகையாக 6 லட்சமும் தர வேண்டியிருக்கும் என்பதால், உண்மையான இலாபம் 22 லட்சம்தான். தொழிலின் மதிப்பை ஆண்டு இலாபத்தின் இத்தனை மடங்கு என்று கணிப்பார்கள்; இங்கே 4 மடங்கு என்று வைத்தால் 88 லட்சம். வங்கிக் கடன் 30 லட்சத்தைக் கழித்தால் உரிமையாளருக்குச் சேர வேண்டியது 58 லட்சம். மடங்கு 4 என்பது விதியல்ல. இலை தரும் சிறு விவசாயிகள் உரிமையாளரின் முகத்துக்காகவே வருகிறார்கள் என்றால் அது இன்னும் குறையும்.

குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை ஏறி இறங்குவதால், ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டுச் சராசரியைக் கேளுங்கள். நிலமும் கட்டடமும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், சொத்து மதிப்பைத் தனியாகக் கணக்கிட்டு, இலாபத்தின்படி வந்த மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஆனால் மலைப்பகுதிக் கட்டட விதிகள் இருக்கும்போது, சமவெளி மனை விலையை அப்படியே இங்கே பொருத்துவது தவறு.