வெயில்ல நிக்கச் சொன்ன சாருக்கு

நேத்து ஸ்கூல் ஃபங்ஷன்ல அந்த சார் பேசினதை நம்ம குரூப்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க, திரும்ப எழுதவே கடுப்பா இருக்கு. மலைக் காத்துல வளர்ற பொண்ணுக்கு வைட்டமின் டி கம்மின்னா அது சோம்பேறித்தனமாம், வெயில் ஃப்ரீயாம், எண்ணெய்லயும் பால்லயும் அந்தச் சத்தைக் கலக்குறதெல்லாம் கம்பெனிக்காரன் வேலையாம். கைதட்டல் வேற. ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேன் நானு.

என் பொண்ணுக்கு 15. படி ஏறினா முட்டியப் பிடிச்சுக்குவா, வளர்ற வயசு வலிதான்னு நானும் மாசக்கணக்குல தைலம் தேய்ச்சேன். ரத்த ரிப்போர்ட்ல வைட்டமின் டி 11னு வந்துச்சு (மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு), 20க்குக் கீழ போனாலே கம்மின்னு சொல்றாங்க. இப்ப வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர், பால்ல கலக்கிக் குடிக்கிறா.

சோம்பேறி இல்ல சார் அவ. ஏழேகாலுக்கு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல மூட்டத்துக்குள்ள நிக்கிறா, ஸ்வெட்டர், ஸ்கார்ஃப், சாக்ஸ், மூஞ்சியும் விரல் நுனியும்தான் வெளிய. தோல்ல வைட்டமின் டி உண்டாக்குற யூவி-பி கதிர் நல்லா கிடைக்கிறது பத்துல இருந்து மூணு மணிக்குள்ள, அப்ப அவ கிளாஸ்ல, ஜன்னலுக்கு இந்தப் பக்கம். கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், அந்தக் கதிர் வராது. உயரத்துல யூவி ஜாஸ்தியாச்சேன்னு கேட்பீங்க, ஆமா ஜாஸ்திதான், மேகம் விட்டா. மழை மாசத்துல எங்க வீட்ல அடுப்புக்கு மேல கொடி கட்டி யூனிஃபார்ம் காயப் போடுறோம். யூனிஃபார்மே காயாத ஊர்ல பொண்ணு காயணுமாம்.

நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2016-18ல யுனிசெஃபோட சேர்ந்து மத்திய அரசு எடுத்த சர்வேல 10 முதல் 19 வயசுப் பிள்ளைங்கள்ல 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி 12க்கும் கீழ, அதுலயும் பொண்ணுங்கதான் அதிகம். எல்லாரும் சோம்பேறியா?

எண்ணெய்ல கலந்தா டி அளவு ஏறிடும், விஷம்னு ஒரு அண்ணா கமென்ட்ல வருவார். பிளஸ் எஃப் முத்திரை (சத்து சேர்த்ததுக்கான அடையாளம்) போட்ட எண்ணெய்ல கிராமுக்கு 4.4ல இருந்து 6.4 யூனிட்தான் சேர்க்கலாம், ஒரு நாளைக்கு 20 கிராம் சாப்பிட்டா 100 யூனிட் அளவுதான், தேவை 600. எங்கண்ணா ஏறும்? கூடலூர் பக்கம் செறிவூட்டின, அதாவது சத்து சேர்த்த ரேஷன் அரிசியப் பத்தி பயப்படுறாங்களே, அது நியாயம், அங்க ஆதிவாசி மக்கள்கிட்ட அரிவாள் செல் நோய்ங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கு, அரிசில சேர்க்கிறது இரும்புச்சத்து, அவங்க உடம்புல இரும்பு ஜாஸ்தியாயிடுமோன்னு பயம். ஆனா அந்த அரிசில இருக்கிறது இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12, டி கிடையவே கிடையாது. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க. கம்பெனி லாபமா? இருக்கட்டுமே, உப்புல அயோடின் போட்டவனும் லாபம் பார்த்தான்தான், கழுத்துல கழலை வந்தவங்க குறைஞ்சாங்கல்ல.

எண்ணெய் மட்டும் போதும்னு நான் சொல்லல. ஸ்கூல்லயே பதினொரு மணிக்கு அரை மணி நேரம் கிரவுண்டுல விடுங்களேன். விடமாட்டாங்க, பத்தாவதுல பி.டி. பீரியடுல மேத்ஸ் எடுக்கிறாங்க.

எனக்கு வலிச்சது அது கூட இல்ல. போன வருசம் கிரவுண்டுல த்ரோபால் ஆடிட்டு வந்தவளை சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, என்னடி இப்படிக் கறுத்துட்டே, யாரு கட்டுவான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அவ ஆடவே போகல. வெயில்ல நின்னாலும் பேசுறீங்க, நிக்கலன்னாலும் பேசுறீங்க.

சகோதரின்னு ஆரம்பிச்சு அட்வைஸ் பண்றவங்க பண்ணுங்க, நைட் வந்து பார்க்கிறேன். இந்த வாரப் பவுடர் வாங்கணும், மெடிக்கல் எட்டு மணிக்கு சாத்திருவாங்க.