நோட்டீஸ் அனுப்பியது நாங்கள் இல்லை

நேற்றிலிருந்து எல்லார் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய மனைக்கு இப்போது முத்திரைத் தீர்வை குறைகிறது, மீதியைக் கட்டு என்று நோட்டீஸ். "எல்லாம் ஏஜி ஆபீஸ் ஆடிட்காரன் வேலை" என்று முடித்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கீழே ஒருவர், "பிரியாணி சரியா வந்திருக்காது, அதான்" என்கிறார். அதற்கு முந்நூறு சிரிப்பு. சிரித்தவர்களில் நாலு பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அந்த ஏஜி ஆபீஸில் (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) முப்பத்தொரு வருஷம் இருந்தவள் சொல்கிறேன். நாங்கள் வரி போடுவதில்லை. வசூலிப்பதும் இல்லை. வர வேண்டிய வருவாயைச் சரியாகக் கணித்து, வசூலித்து, உரிய கணக்கில் சேர்க்கிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் தலைமைத் தணிக்கையர் (சி.ஏ.ஜி.) பற்றிய 1971ஆம் வருஷச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எங்களுக்குக் கொடுத்த வேலை. பார்ப்போம், கேட்போம். பதில் சொல்வது பதிவுத்துறை. முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் சொத்தின் மதிப்பை முடிவு செய்வதும் துறை. நோட்டீஸில் கையெழுத்து போடுவதும் துறை. திட்டு மட்டும் எங்களுக்கு.

என்னதான் கேட்போம்? தீர்வை குறைவதற்காகப் பத்திரத்தில் புஞ்சை என்று எழுதி ஏக்கர் கணக்கில் மதிப்புப் போட்டிருப்பார்கள். செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தை, படித்தால் வடக்கே 23 அடி ரோடு, கிழக்கே மனை எண் 14, மேற்கே மனை எண் 16. கம்பு விளைகிற காட்டில் மனை எண் எப்படி முளைத்தது என்று கேட்டால் நாங்கள் கொடுமைக்காரர்கள். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று சலுகைக் கட்டணத்தில் பதிந்திருக்கும். அப்பா பெயர், தாத்தா பெயர், பூர்வீக ஊர் எல்லாம் வேறு வேறு. என்ன குடும்பமோ!

"அதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமா?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் குறிப்பு கொடுத்தபின் "விவரங்கள் சரிபார்க்கப்பட்டுப் பின்னர் தெரிவிக்கப்படும்" என்று ஒரு வரி வரும். அந்தப் 'பின்னர்' எத்தனை வருஷம் என்று யாரும் சொல்வதில்லை. முதல் பதிலே வராமல் கிடந்த தணிக்கைக் குறிப்புகள் எத்தனையோ. இன்னொன்று, பதிவுத்துறைக்குள்ளேயே தணிக்கைக்கென்று மாவட்டப் பதிவாளர் உண்டு. நோட்டீஸ் எந்தத் தணிக்கையில் வந்தது என்றாவது பதிவு எழுதியவர் படித்துப் பார்த்தாரா?

"2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் அரசுக்கு 1.76 லட்சம் கோடி நஷ்டம் என்றீர்களே, 2017இல் எல்லாரும் விடுதலை ஆனார்களே?" இது வரும் என்று தெரியும். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது மட்டும் உங்களுக்கு மறந்துவிடும். அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். நான் டெல்லியில் இல்லை. நான் பார்த்தது செக்குபந்தி.

பிரியாணிக்கு வருகிறேன். ஒரு தாலுகா ஊர், சார்பதிவாளர் அலுவலகம், மூன்று பேர் கொண்ட தணிக்கைக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். மத்தியானம் மேஜைமேல் பொட்டலம் வந்தது. வேண்டாம் என்றேன். "அம்மாவுக்கு சைவமா வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்கள். தயிர்சாதமும் நார்த்தங்காயும் கொண்டுவந்திருக்கிறேன் என்று டப்பாவைத் திறந்தேன். அன்று மாலைவரை நான் கேட்ட பத்திரத் தொகுதிகள் வரவில்லை. சாவி வைத்திருப்பவர் லீவாம். கக்கூஸ் சாவியும் அவரிடம்தானாம். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிரியுங்கள், முந்நூறு பேரும்.

எல்லா ஆடிட்காரரும் உத்தமர் என்று நான் சொல்லவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தவர்களையும் பக்கத்து நாற்காலியில் பார்த்திருக்கிறேன். அதற்காக நான் தின்னாததற்கும் நானா பில் கட்ட வேண்டும்?

அந்த நாலு பேரில் ஒருவர் என் சொந்த அண்ணன். 2011இல் மனை வாங்கும்போது, "புஞ்சைன்னு போட்டா நடக்குமாமே, உனக்குத்தான் தெரியுமே" என்று கேட்டவர். கொடுக்கிற பணத்தை அப்படியே எழுது என்றேன். "ஆபீஸ் புத்திய வீட்டுக்குக் கொண்டு வராதே" என்றார். கிரகப்பிரவேசப் பத்திரிகை எனக்குக் கூரியரில் வந்தது. தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறோம், கூரியரில்.

சிரிச்சது சரி அண்ணா. உன் பத்திரத்தில் மேற்கே என்ன எழுதியிருக்கு, எடுத்துப் பார்த்தியா?