பக்கத்துத் தோட்டத்து ஒயின்

ஒயினைப் பற்றி எழுதுவதற்கு என்னிடம் எந்தத் தகுதிச் சான்றும் இல்லை. நான் பயிற்சி பெற்ற சுவைஞன் அல்லன், விற்பவனும் அல்லன். வீட்டிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும் நான்கைந்து சிறிய ஒயின் ஆலைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் போய்வருகிறேன் என்பது மட்டுமே என் அறிமுகம். அயல்நாட்டுப் புட்டிகளைச் சேர்த்துவைக்கும் நண்பர்கள் இதைக் கேள்விப்பட்டால், கடலோரத்தில் இருந்துகொண்டு குளத்தில் நீந்தப் போகிறவனைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் இரக்கத்தோடு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் எழுதிவிட வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். ஒயினை விரும்பிக் குடிப்பதோடு, குடிப்பதை மெல்லப் புரிந்துகொள்ளவும் ஆசைப்படும் ஒருவருக்கு, புகழ்பெற்ற நூறு புட்டிகளை ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறை திறந்து பார்ப்பதைக் காட்டிலும், பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஒயினை ஆண்டுதோறும் விடாமல் சுவைத்துவருவதே அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

நான் அடிக்கடி போகும் ஆலையில், கல் நிறைந்த ஒரு சரிவில் ஒரே வகை வெள்ளைத் திராட்சையைப் பயிரிட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவின் ஒயினை ஒன்பது அறுவடைகளாகச் சுவைத்திருக்கிறேன். கோடை கடுமையாக இருந்த ஓர் ஆண்டில் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறி, புளிப்பு அதே வேகத்தில் இறங்கிவிட்டது. அந்த ஒயின் வாயை நிறைத்ததே தவிர, இரண்டாவது கோப்பைக்கு மனம் போகவில்லை. அடுத்த ஆண்டு அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு பெய்த மழையில் பழங்கள் நீர் குடித்து உப்பிவிட, சாறு நீர்த்துப்போனது. பாதிக் குலைகளை அழுகலுக்குப் பயந்து முன்கூட்டியே பறித்தார்கள். அதற்கும் அடுத்த ஆண்டு, பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்ததில், கத்தியின் விளிம்புபோல் கூரான புளிப்போடு ஓர் ஒயின் வந்தது. அதே சரிவு, அதே கொடிகள், பறித்துப் பிழிந்ததும் அதே கைகள், மாறியதெல்லாம் வானம்தான். புட்டியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆண்டுக்கு என்ன பொருள் என்பதை நூல்களில் பலமுறை படித்திருந்தும், இந்த மூன்று புட்டிகளை வரிசையாக வைத்துக் குடித்த அன்றுதான் எனக்கு அது உறைத்தது. ஒவ்வொரு முறையும் வேறு நாடு, வேறு பழம், வேறு ஆலை என்று தாவிக்கொண்டிருந்தால், ஒரு மாற்றத்துக்குக் காரணம் மண்ணா, மழையா, மனிதரா என்று பிரித்தறிய வழியே இருந்திருக்காது.

தோட்டத்துக்கு நேரில் போவதில் இன்னொரு பயனும் உண்டு. ஒயின் என்பது முதலில் ஒரு வேளாண் விளைபொருள் என்ற எளிய உண்மையைப் புட்டியின் அழகு மறைத்துவிடுகிறது. கவாத்துச் செய்யும் நாளில் போய்ப் பாருங்கள்: போன ஆண்டின் வளர்ச்சியில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, எத்தனை கணுக்களை விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு கொடிக்கும் நின்று முடிவுசெய்கிறார்கள். அதிகமாக விட்டால் குலைகள் பெருகிச் சுவை மெலியும். குறைத்துவிட்டால் ஆண்டின் உழைப்பே வீண். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவையை நம் உழவர்கள் பலரும் அறிவார்கள். பிரான்சின் போர்டோ வட்டாரத்துத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழம் திருடாதிருக்க, சாலையோரக் கொடிகளின்மீது அந்தக் கலவையைப் பூசிவைத்தார்கள் என்பதும், அந்தக் கொடிகளை மட்டும் நோய் தொடவில்லை என்பதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே 1885இல் அதை மருந்தாக அறிவித்தார் என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திருடனுக்கு வைத்த காப்பு பயிருக்குக் காப்பாயிற்று.

நிலவறைக்குள் போனால் வேறு உலகம். நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டியின் அருகில் காதை வைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் வேலை மெல்லிய கொதிப்பொலியாகக் கேட்கும். வெள்ளை ஒயினும் சிவப்பு ஒயினும் பிரியும் இடமும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்: பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாற்றுக்குக்கூட நிறம் இல்லை, தோலோடு ஊறும்போதுதான் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணும் மொழியில் பிறந்ததற்காக ஒயின் விஷயத்தில் நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். டானின் என்ற சொல்லைச் சுற்றிப் பலர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வுக்கு நமக்கு ஒற்றைச் சொல் போதுமானதாக இருக்கிறது. ஒருமுறை ஆலையை நடத்தும் அம்மையார் ஒரே ஒயினை இரண்டு பீப்பாய்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றி முடித்திருந்தது, மற்றதில் அந்த மாற்றம் இன்னும் தொடங்கவில்லை. மாற்றம் தொடங்காத கோப்பையில் பச்சை ஆப்பிளின் புளிப்பும், முடிந்த கோப்பையில் பாலின் மென்மையும் இருந்தன. அவர் எதையும் விளக்கவில்லை. நான் கேட்கும்வரை காத்திருந்தார்.

உள்ளூர் ஒயின் என்றால் தரம் தாழ்ந்தது என்று நினைப்பவர்களுக்கு 1976ஆம் ஆண்டைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய சுவைப்போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் இட்டபோது, வெள்ளையில் ஷாட்டோ மான்டெலீனாவும் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸும் பிரெஞ்சு ஒயின்களை முந்தி முதலிடம் பெற்றன. இரண்டும் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. அந்தச் சிவப்பு ஒயினின் கொடிகள் 1970இல்தான் நடப்பட்டிருந்தன. அந்த நாளுக்கு முன்பும் அந்த ஒயின்களின் தரம் அதேதான். அதை அறிந்திருந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்கள். சிலி நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. அங்கே மெர்லோ என்னும் திராட்சை வகை என்று நம்பிப் பயிரிட்டுவந்த கொடிகளில் பல உண்மையில் கார்மெனேர் என்னும் வேறு வகை என்பதை 1994இல் பிரெஞ்சு அறிஞர் ழான் மிஷேல் பூர்சிகோ கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு, போர்டோவில் கிட்டத்தட்ட மறைந்துபோனதாகக் கருதப்பட்ட வகை அது. உலகம் தொலைத்துவிட்டதாக நினைத்த பழம் ஒரு நாட்டின் அன்றாட ஒயினாக, வேறு பெயரில், யாருடைய கவனத்துக்கும் வராமல் இருந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபின் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் விளைந்தது என்பதற்காக எந்த ஒயினும் நன்றாகிவிடாது. ஊர்ப்பாசத்தில் நாக்குக்குப் பொய் சொல்லும் ரசிகர்களால் சிறிய ஆலைகளுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் அனுபவம். ஓர் ஆலையில் வாங்கிவந்த ஆறு புட்டிகளிலும் காடியின் நெடி தெளிவாக இருந்தது. திரும்பப் போய்ச் சொன்னபோது, அதுதான் எங்கள் மண்ணின் தனித்தன்மை என்றார் பொறுப்பிலிருந்தவர். மண்ணின்மேல் அவ்வளவு எளிதாகப் பழிபோடும் இடத்துக்கு நான் மறுபடி போகவில்லை. நிலவறையின் குளிரிலும், செய்தவரின் பேச்சிலும், நமக்குத் தெரிந்தவர்கள் என்ற பெருமையிலும் நாம் எளிதில் மயங்கிவிடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம் சிவப்பு நிறமேற்றிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள் என்று 2001இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கண்ணே இவ்வளவு ஏமாற்றுமானால் மனம் எவ்வளவு ஏமாற்றும்! அதனால் ஆலையில் மிகவும் பிடித்துப்போன ஒயினை வீட்டுக்கு வந்து, துணியால் மூடிய நான்கு புட்டிகளில் ஒன்றாக வைத்து, ஊற்றும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி சுவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். என் அபிமான ஒயின்களில் ஏறக்குறைய பாதி அந்தச் சோதனையில் தேறவில்லை. தேறியவற்றின்மீது எனக்கு இருக்கும் நம்பிக்கையை எந்த இதழின் மதிப்பெண்ணும் தந்துவிட முடியாது.

பயிரிட்டவரே தம் ஒயினை நேரடியாக மக்களுக்கு ஊற்றிக் கொடுப்பது புதிய விளம்பர உத்தி என்று சிலர் குறைப்படுகிறார்கள். ஆஸ்திரியாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இலேயே அதற்கு ஆணை வழங்கினார். வாசலில் மரக்கிளையைக் கட்டித் தொங்கவிட்டு, இந்த ஆண்டின் ஒயின் தயார் என்று அறிவிக்கும் வியன்னா வட்டாரத்துத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. சில ஆலைகள் இப்போது கொடிகளைப் பின்னணிக் காட்சியாகவும் ஒயினை நுழைவுச்சீட்டின் இலவச இணைப்பாகவும் ஆக்கிவிட்டன. அங்கே ஊற்றுபவரிடம் எந்த மாதம் பறித்தீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. போகிறவர்களுக்கும் சில கடமைகள் உண்டு: அறுவடை வாரத்தில் முன்னறிவிப்பின்றிப் போய் நிற்கக் கூடாது, வண்டி ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, சுவைத்ததைத் துப்புவதற்கு வைத்திருக்கும் கிண்ணத்தைப் பயன்படுத்த வெட்கப்படவும் கூடாது. பத்து ஒயின்களை விழுங்கியவருக்குப் பதினொன்றாவது எப்படி இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த ஆண்டு அந்தக் கல் சரிவில் ஆலங்கட்டி மழை விழுந்து, காய்கள் பயறு அளவில் இருக்கும்போதே பாதிக்குமேல் சிதைந்துவிட்டன. மீதிக் குலைகளைத் தனியாகப் பிழிந்து ஒரே ஒரு பீப்பாயில் வைத்திருப்பதாகவும், ஒயின் எப்படி வரும் என்று தனக்கே தெரியவில்லை என்றும் அம்மையார் சொன்னார். இரண்டு புட்டிகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.