வயசு போன ஆக்களுக்கும் ஒப்பரேஷன் திகதி வேண்டும்

"இந்த வயசில இனிக் கத்தி வைக்கோணுமா?" மட்டக்களப்பில் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். மகன் கேட்பார், மருமகன் கேட்பார். எல்லாரையும் விட அதிகம் கேட்பது அந்த ஆச்சிதான். "எனக்கு என்னத்துக்கு மனே, இருக்கிறமட்டும் இருந்திட்டுப் போறன்." சரி, அவவின் விருப்பம் என்று நாமும் விட்டுவிடுகிறோம். எனக்கென்றால் அதை விருப்பம் என்று எடுக்க மனம் வரவில்லை. மகள் குவைத்தில். மகன் ஒரு நாள் கூலிக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. யாருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஆச்சி அப்படிச் சொல்கிறா.

அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு கேட்க மாட்டார்கள். எங்கள் நாட்டில் பெருமைப்படக்கூடிய விஷயம்தான். ஆனால் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிற ஒருவர் கண்புரை ஒப்பரேஷனுக்கு மட்டக்களப்பு ரவுணுக்கு வருவதை யோசியுங்கள். விடியமுன் எழும்ப வேண்டும், பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ. கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். சீனி கூட என்றால் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். குறைத்துக்கொண்டு போனால், அன்றைக்குப் பார்த்துப் பிரசர் ஏறி நிற்கும், திரும்பவும் வேறு திகதி. ஒவ்வொரு முறையும் கூட ஓர் ஆள் போக வேண்டும். பெண்கள் வாட்டில் இரவு நிற்கப் பெண்தான் வேண்டும், அந்தப் பெண்தான் குவைத்தில் இருக்கிறாளே! 2014 இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு, வாவிக்கு அக்கரையில் இருக்கிற எங்கள் படுவான்கரைப் பக்கத்துக்கு வழி எவ்வளவோ லேசாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸும் காசில்லாமல் வருகிறது. ஆனால் அது அவசரத்துக்கு. கிளினிக் திகதிக்கு அதைக் கூப்பிட முடியாது.

2015 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு ஒன்று, உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியான அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என்று சொன்னது. ஒப்பரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரியை 2 மணித்தியாலத்துக்குள் அடையலாமா என்று பார்க்க மூன்று ஒப்பரேஷன்களை அளவுகோலாக வைத்தார்கள்: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்வது, தோல் கிழிந்து வெளியே தெரியும் எலும்பு முறிவு. இந்த மூன்றையும் செய்யக்கூடிய இடத்தில் மற்றதையும் செய்யலாம் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் பிள்ளை பெறும் பெண்ணும் மோட்டார் சைக்கிளில் விழுந்த பெடியனும் அந்தப் பட்டியலில் உடனே கண்ணில் படுகிறார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்த கிழவி படவில்லை. அவவின் தொடை எலும்பு உள்ளுக்குள்ளேதான் முறியும், வெளியே ஒரு காயமும் தெரியாது.

அந்த முறிவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். விழுந்த ஆளைத் தூக்கிப் படுக்க வைத்து, எண்ணெய் பூசிக் கட்டுப் போட்டு, "வயசு போன எலும்பு, இனிப் பொருந்தாது" என்று விட்டுவிடுவது எங்கள் பக்கம் இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் அப்படிக் கிடந்தார். ஆளின் உயிரைக் கொண்டு போவது முறிவு என்று சொல்ல முடியாது, படுக்கைதான் கொண்டு போகும். முதலில் முதுகில் புண் வரும், பிறகு நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். பிரித்தானிய வழிகாட்டல், வந்த அன்றோ மறுநாளோ ஒப்பரேஷன் செய்து, அடுத்த நாளே எழுப்பி நடக்கவிடச் சொல்கிறது. அங்கேயும் இப்படி விழுந்து வருகிறவர்கள் பெரும்பாலும் 80 வயதுக்காரர்தான்.

எல்லாரையும் மேசையில் ஏற்று என்று நான் சொல்லவில்லை. தாங்காத உடம்பும் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து டொக்டரும். ஆள் நடமாடுகிறாரா, சாப்பிடுகிறாரா, இருதயம் எப்படி என்று பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள். பிறந்த வருசத்தை மட்டும் வைத்து விறாந்தையில் இருந்து முடிவெடுப்பது நாங்கள்தான். அப்படி வீட்டிலேயே நின்றுபோனவர்களின் பெயர் எந்தக் காத்திருப்புப் பட்டியலிலும் ஏறாது.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அவசரமில்லாத ஒப்பரேஷன்களை ஆஸ்பத்திரிகள் தள்ளிப் போட்டன. கண்புரை, முழங்கால், குடலிறக்கம், புரோஸ்டேட். அதில் யார் இருந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

மதுரையில் டொக்டர் வெங்கடசாமி தான் ஓய்வுபெற்ற பிறகு, 1976 இல், 11 கட்டிலோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே செய்தது எனக்குப் பிடித்த விஷயம்: ஊருக்குள் முகாம் வைத்து, புரை இருக்கிறவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஒப்பரேஷன் செய்து, சாப்பாடும் கொடுத்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். கண்ணை மட்டும் மரக்கச் செய்து, அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற ஒப்பரேஷன் அது. ஆளைக் கொண்டு வருவதையும் அவர்கள் வைத்தியத்தோடேயே சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்களில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. கதிர்காமத்துக்கு பஸ் பிடித்து ஆக்களைச் சேர்த்துக்கொண்டு போகிறோம். கண் கிளினிக் நாளுக்கு ஒரு வான் பிடிக்க ஏன் ஏலாது? கூடவே, வாட்டில் இரவு நிற்கச் சம்மதிக்கிற ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்கு நாட்கூலி. வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்கள் இந்த வருசத் திருவிழாவுக்கு அனுப்பப்போகிற காசில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஊர்க் கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன். வாணவெடிக்கும் மேளத்துக்கும் காசு குறையுமே என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.