ஸ்டிக்கர் வண்டின்னு சிரிக்கறவனுங்களுக்கு

எங்க அக்கா பையன் போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) காரு எடுத்தான். திருவொத்தியூர் தேரடி கிட்ட கொண்டாந்து நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆவல, அவன் கூட்டாளிங்க ஆரம்பிச்சிட்டானுங்க. "இன்னாடா இது ஸ்டிக்கர் வண்டி, ஒரிஜினல் ஐ20 'என்' (N) மாடலு ஃபாரின்ல கீது, 204 குதிர சக்தி, உன்துல 120 தான், உனக்கு செவப்பு கோடு மட்டும் குட்துகிறாங்க"ன்னு ஒரே ஓட்டு. பையன் மூஞ்சி சுருங்கிப்போய் வீட்டுக்கு வந்து "மாமா, நான் ஏமாந்துட்டேனா?"ன்னான். மொட்ட மாடில உக்காந்து அவனுக்கு சொன்னத தான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுமை இருக்கறவன் படி, இல்லாதவன் லைக் போட்டுட்டு போய்க்கினே இரு.

நான் ஹார்பர்ல எக்ஸ்போர்ட் காரை கப்பல்ல ஏத்தற டிரைவரா கொஞ்ச வருஷம் வேல பாத்தவன். ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ட்ரெய்லர்ல வரும், யார்டுல வரிசையா நிக்கும், கப்பல் கட்டுனதும் நாங்க ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா ராம்ப்புல ஓட்டி உள்ள விட்டுட்டு எல்லாரும் ஒரே வேன்ல அடைஞ்சிகினு திரும்பி வருவோம், மறுபடி அடுத்த காரு. எத்தினி ஆயிரம் புது காரு ஓட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா ஒண்ணைக்கூட ரெண்டு கிலோமீட்டர் தாண்டி ஓட்டுனதில்ல. அங்க தான் ஒரு விஷயம் புரிஞ்சுது, வெளிய பாத்தா ஒரே காரு, ஒரே பேரு, ஆனா ஒரு வரிசைல ஸ்டியரிங் லெஃப்ட்ல, அடுத்த வரிசைல ரைட்ல, இதுல ஒரு இன்ஜின், அதுல வேற இன்ஜின். எந்த ஊருக்கு போவுதோ அந்த ஊருக்கு ஏத்த மாதிரி.

எது ஒரிஜினல்ன்ற கேள்விக்கு ராலி காரு கத தான் பதிலு, ராலின்னா காட்டு ரோடு, மண்ணு, பனில நேரம் வெச்சு ஓட்ற போட்டி, இப்ப அதுக்கு வரேன். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், நீல உடம்பு, தங்கக் கலர் வீலு, வீடியோ கேம் ஆடுனவன் எவனும் மறந்திருக்க மாட்டான். 1992ல ஜப்பான்ல வந்துச்சு. அப்போ ராலில குரூப் ஏ-ன்னு ஒரு ரூல், ஒரு காரை போட்டில விடணும்னா அத மொதல்ல கடைல வித்து காட்டணும், மொதல்ல 5000 காருன்னு இருந்து அப்றம் 2500க்கு எறக்குனாங்க. அதனால கம்பெனிக்காரன் காட்டுல ஓட்றதுக்கு மட்டும் ரகசியமா ஒண்ணு செஞ்சுக்க முடியாது, ஆபீஸ் போறவன் கைலயும் டர்போவையும் (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி சக்தி ஏத்தறது) நாலு வீல் டிரைவையும் குடுத்தே ஆவணும். அந்த இம்ப்ரெஸால தான் 1995ல காலின் மெக்ரே உலக சாம்பியன், 2001ல ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003ல பீட்டர் சோல்பெர்க்.

ஆனா அமெரிக்காக்காரனுக்கு ரொம்ப வருஷம் அந்த டபிள்யூஆர்எக்ஸ் கெடைக்கவே இல்லன்னு எத்தினி பேருக்கு தெரியும்? மெக்ரே ஜெயிச்சு மூணு வருஷம் கழிச்சு, 1998ல அவனுக்கு குட்துது 2.5 ஆர்எஸ்ன்னு ஒண்ணு. பானட்ல காத்து புடிக்கற மாதிரி பெரிய ஸ்கூப்பு, பின்னாடி றெக்க, எல்லாம் கீது, டர்போ மட்டும் இல்ல. 165 குதிர. அந்த ஸ்கூப்பு சும்மா அழகுக்கு. அதாவது ஸ்டிக்கர் வண்டி! அமெரிக்காக்காரனே ஸ்டிக்கர் வண்டி ஓட்டிகினு தான் இருந்தான் நைனா. டர்போ வெச்சது 2001ல தான் அங்க எறங்குச்சு, 227 குதிர. டபிள்யூஆர்எக்ஸோட இன்னும் வேகமான மாடலு எஸ்டிஐ, அது அதுக்கும் அப்றம், 2.5 லிட்டர்ல 300 குதிர. அதே நேரம் ஜப்பான்ல எஸ்டிஐ 2 லிட்டர், பேப்பர்ல 280க்கு மேல போவாது, ஏன்னா அங்க கம்பெனிங்க எல்லாம் சேந்து 280 தாண்ட மாட்டோம்னு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் வெச்சிருந்தாங்க, 2004 வரைக்கும். ஜப்பான் பங்க்ல 100 ஆக்டேன், அதாவது முறுக்குன இன்ஜினுக்கு தாங்கற பெட்ரோல் கெடைக்கும், அமெரிக்கால கம்மி ஆக்டேன் தான், அதுக்கு தகுந்த மாதிரி இன்ஜின். இங்கிலாந்துல மிட்சுபிஷி அதே மாதிரி 2 லிட்டர் இன்ஜினை முறுக்கி முறுக்கி 2004ல அவங்க ராலி காரான லான்சர் எவோவ எஃப்கியூ-400ன்னு 405 குதிர வரைக்கும் கொண்டுபோனாங்க. இதுல எது ஒரிஜினல்னு நீயே சொல்லு பாப்போம்.

எவோன்னதும் நம்ம பக்கத்து கத ஒண்ணு இருக்குது. 1996லேர்ந்து 1999 வரைக்கும் டாமி மாக்கினென் லான்சர் எவோல வரிசையா நாலு வருஷம் உலக சாம்பியன். 1998ல நம்ம திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரில லான்சர் செய்ய ஆரம்பிச்சாங்க. எவோ 4, 5, 6க்கு அடிப்படையா இருந்த அதே தலைமுறை லான்சர். மாக்கினென் பனில பறந்துகினு இருந்த அதே வருஷம் அதோட கூடப்பொறந்தது திருவள்ளூர் ரோட்டுல டீசல் இன்ஜினோட டுர்ருன்னு போய்க்கினு இருந்துச்சு. 68 குதிர! ஆனா எவனும் அத ஸ்டிக்கர் வண்டின்னு சொல்லல, கல்யாணத்துக்கு லான்சர் வந்து நின்னா மாப்ள வீட்டுக்கே மரியாத. அப்றம் வந்த அடுத்த லான்சர், சீடியா, நம்மூரு ராலில பேர் எடுத்துச்சு. அதெல்லாம் நல்ல காலம்.

நெஜ எவோ இங்க வந்தது 2010ல, எவோ எக்ஸ், வெளிநாட்லேர்ந்து முழுசா எறக்குனது, அர கோடி ரேஞ்சு. 2016ல ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ, 1.8 லிட்டர், 192 குதிர, ரெண்டு கதவு, ஷோரூம்லயே 25.99 லட்சம். அப்போ தான் போலோ ராலில செபாஸ்டியன் ஓஜியர்ன்ற டிரைவர் கைல தொடர்ந்து ஜெயிச்சுகினு இருந்த நேரம். ஆனா யார் வாங்குவான்? போலோக்கு 26 லட்சம்னு கேட்டதும் எங்க பெரியப்பா "அதுல வீடு கூட சேத்து தரானா"ன்னு கேட்டாரு. அப்றம் விலைய 20 லட்சத்துக்கு கிட்ட கொறச்சாங்க, அப்பவும் நம்ம தெருல ஒண்ணு கூட வரல.

எனக்கு இதுல தான் கோவம். ராலி காருன்னா அதோட உயிரே, ஞாயித்துக்கெழம காட்டுல ஜெயிச்சத திங்கக்கெழம ஒரு சம்பளக்காரன் வாங்கலாம்ன்றது தான். அர கோடிக்கு வித்தா அது பங்களாக்காரன் பொம்ம. குதிர எத்தினி இருந்தாலும் சரி. இந்த கணக்குல பாத்தா நம்ம பையனோட 120 குதிர வண்டி அந்த எவோ எக்ஸ விட ராலி காருக்கு நெருங்குன சொந்தம், சண்டைக்கு வரவன் வரலாம்.

சரி, 204 குதிர ஏன் இங்க வரல? யூரோப் ஐ20 என் 1.6 டர்போ, 4075 மில்லிமீட்டர் நீளம், துருக்கில செஞ்சது. நம்ம ஐ20 3995. அந்த அஞ்சு மில்லிமீட்டர் மிச்சம் வெச்சு நாலு மீட்டருக்குள்ள நின்னுகினு இருக்குது பாரு, அது தற்செயல் இல்ல, 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா சின்ன காரு, வரி கம்மின்னு சொன்னாங்க, அன்னிலேர்ந்து நம்ம நாட்டு காரு எல்லாம் டெய்லர் அளவெடுத்து வால வெட்டுன மாதிரி தான் பொறக்குது. இப்ப 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாத்தத்துக்கு அப்றம் சின்ன காருக்கு 18 பர்சென்ட், மத்த பெட்ரோல், டீசல் காருக்கு 40. 1.6 லிட்டரை எவன் உள்ள விடுவான். அதான் 1 லிட்டர் டர்போ, 120 குதிர, கூடவே இறுக்கமான சஸ்பென்ஷன், பின்னாடியும் டிஸ்க் பிரேக்கு. வெறும் ஸ்டிக்கர்னா பின் டிஸ்க் எதுக்குடா போடப்போறான்.

இன்னொண்ணு சொல்றேன், இதுல எனக்கு ஒரு சொந்த பெரும இருக்குது. மொத தலைமுறை ஐ20 ஆரம்பத்துல யூரோப்புக்கே நம்ம சென்னைலேர்ந்து தான் போச்சு, நான் ஏத்துனதுல அதுவும் உண்டு. அந்த தலைமுறை ஐ20யோட உருவத்துல தான் 2014ல ஹூண்டாய் ராலிக்கு எறங்குச்சு. அந்த வருஷம் ஜெர்மனி ராலில, போட்டிக்கு முன்னாடி பாக்கற பழகற ஓட்டத்துலயே ஹூண்டாய் டிரைவர் தியரி நூவில் காரை திராட்ச தோட்டத்துக்குள்ள உருட்டிட்டாரு, பல்டி மேல பல்டி. மெக்கானிக்குங்க தூங்காம அத நிமித்தி தட்டி கொண்டாந்து விட்டாங்க, அதுலயே மொத வெற்றி. டீம்ல இன்னொரு காரு ரெண்டாவது. அதே நூவில் 2024ல உலக சாம்பியன். டிவில அந்த மூக்க பாக்கறப்பல்லாம் ராம்ப்பு ஞாபகம் தான் வரும் எனக்கு.

இன்னொரு தமாஷ், அந்த பழைய லான்சர் ஃபேக்டரில இப்ப சிட்ரோன் சி3 செய்றாங்க. சி3யும் 2017லேர்ந்து 2019 வரைக்கும் உலக ராலில ஓடுன பேரு தான். திருவள்ளூருக்கு எதோ ராசி இருக்குதுபோல, பேரு மட்டும் கரெக்டா வந்துடுது.

ஃபாரின்ல கீது ஃபாரின்ல கீதுன்றியே, அங்க மட்டும் இன்னா வாழுது? புக வரைமுறைன்னு சொல்லி ஐ20 என் 2024ல யூரோப்ல நின்னுபோச்சு. 2022லயே சுபாரு அடுத்த எஸ்டிஐ பெட்ரோல்ல வராதுன்னு சொல்லிட்டாங்க. டொயோட்டா ஜிஆர் யாரிஸ், 2020ல வந்தது, மூணு சிலிண்டர் 1.6, இன்னிக்கி தேதில எனக்கு ரொம்ப பிடிச்ச காரு, அதுவும் அமெரிக்காவுக்கு போவல, அவனுக்கு ஜிஆர் கொரோலா. எவனுக்கும் முழுசா கெடைக்கறதில்ல, பக்கத்து எலைல எப்பவும் ஒரு வட அதிகம்.

அப்றம் 204 குதிரைய வாங்கி எங்கடா கட்டுவ? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு கண்டெய்னர் லாரி க்யூ கட்டி நிக்குது, அதுல ஃபர்ஸ்ட் கியர்ல 204ம் 120ம் ஒண்ணு தான், ரெண்டையும் ஷேர் ஆட்டோ முந்தி போவும்.

எங்க நைனா ஒண்ணு சொல்லுவாரு, அவர் வயசுல ரேஸ் பாக்கணும்னா செங்குன்றம் தாண்டி சோழவரம் தான், யுத்த காலத்து ஏரோப்ளேன் ஓடுபாத, அதுல தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு ரேஸ் விடும், இருங்காட்டுக்கோட்டை ட்ராக் எல்லாம் பின்னாடி வந்தது. வெயில்ல கர்ச்சீப்ப தலைல கட்டிகினு நிப்பாராம், அங்க வந்த காருல பாதி வீட்லயே தட்டி முட்டி ஏத்துனது, எவன் காரு எந்த நாட்டுதுன்னு எவனும் கேக்கலயாம், யார் முன்னாடி வந்தான்னு தான் பாத்தாங்களாம். இத சொன்னப்போ தான் பையன் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. வர ஞாயித்துக்கெழம காலைல அந்த பக்கம் ஒரு ரவுண்டு போலாம் மாமான்றான், தாத்தாவையும் முன் சீட்ல ஏத்திக்கலாமாம். போறப்போ நான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன், இத்தினி வருஷத்துல ஒரு ஐ20ய ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும்னு ஆச. பெட்ரோல் அவன் காசு.