ஆதாரம் கேட்டால் நடுநிலை நக்கியா?

மதுரையில் எங்கள் வில்லாபுரம் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடியும் விளக்கப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. என் பெயரை மறைக்கவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை, ரொம்ப சந்தோஷம். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு ஆடியோ வந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஆடியோ யார் பேசினது, எந்த ஸ்டேஷன்ல புகார் இருக்கு?" அதற்கு என்னைச் சங்கி, அதாவது பா.ஜ.க. ஆள் என்றார் ஒருவர், உபி, அதாவது தி.மு.க. உடன்பிறப்பு என்றார் இன்னொருவர், கடைசியில் நடுநிலை நக்கி. ஒரே ஆள் அரை மணி நேரத்துக்குள் சங்கியாகவும் உபியாகவும் இருக்கலாம் போல.

அந்த ஆடியோவை நிதானமாக ஒரு தடவை கேளுங்கள். ஒருத்தர் மூச்சு வாங்கப் பேசுகிறார், பின்னால் பஸ் ஹாரன். ரெண்டு நாளா சுத்துறாங்களாம், வெள்ளை வேனாம், ஹிந்தி பேசுறாங்களாம், நம்ம ஏரியாவாம். இவ்வளவு பதறுகிறவர் ஒரு தெருப் பெயரைச் சொல்லவில்லை, தேதி சொல்லவில்லை, காணாமல் போன பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவில்லை. தேனியில் இருக்கிற என் மச்சினனுக்கு இதே ஆடியோ போன மாதமே வந்துவிட்டது. இதை நம்பித்தான், பைக்கில் பிளாஸ்டிக் சேர் கட்டிக்கொண்டு விற்க வந்த பையனை நிறுத்தி, சட்டையைப் பிடித்து, ஆதார் கார்டை வாங்கிப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டீர்கள்.

2023 மார்ச்சை மறந்துவிட்டீர்களா? தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பீகார் முழுக்க வீடியோ பரவியது. வேறு மாநிலத்தில் நடந்த கொலையை எல்லாம் நம் தலையில் கட்டியிருந்தார்கள். அதில் கைதான யூடியூபர் ஒருவர் நம்ம ஊர் மத்திய சிறையில்தான் இருந்தார். அப்போது இதே குரூப் எப்படிக் கொதித்தது! "ஆதாரம் எங்கே, ஒரிஜினல் வீடியோ எங்கே" என்று ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். சரியான வேலை, நானும் சேர்ந்துதான் செய்தேன். ஆனால் அந்தத் துப்பறியும் மூளை ஏன் இப்போது லீவில் இருக்கிறது? அன்றைக்கு அந்தப் பொய் நம்மைப் பற்றியது. இன்றைக்கு அந்தச் சேர் விற்கிற பையனைப் பற்றியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குப் பிடிக்காத செய்திக்கு மட்டும் ஆதாரம் கேட்கிறோம். பிடித்த செய்திக்கு ஷேர் பட்டன் போதும்.

"பிள்ளைங்க விஷயம், சும்மா இருக்க முடியுமா" என்று கேட்பீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு போன ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். ஹிந்திக்காரர் இல்லை, தமிழ் பேசும் பாட்டி. அடித்தவர்களும் பிள்ளைகள் மேல் இருந்த அக்கறையில்தான் அடித்திருப்பார்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

"சரிப்பா, அப்போ எந்தப் பேப்பரைத்தான் நம்புறது, நடுநிலையான சேனல் ஒண்ணு சொல்லு" என்று ஒரு அண்ணன் இன்பாக்ஸில் கேட்டார். அண்ணே, அப்படி ஒரு கடை எங்கேயும் இல்லை. சன் யாருடையது, ஜெயா யாருடையது, கலைஞர் யாருடையது என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். தி.மு.க.வின் முரசொலியையும் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரையும் எடுத்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துதான் படிக்கிறோம். அது எவ்வளவோ மேல். யார் பேசுகிறார்கள் என்றே தெரியாத ஆடியோதானே நம்மை ரோட்டுக்கு இழுக்கிறது.

பொய்யே சொல்லாமல் சாய முடியும், அதையும் பாருங்கள். நம்ம மதுரை எய்ம்ஸ் மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் ஐம்பது மாணவர்கள் 2022-ல் சேர்ந்தார்கள், எய்ம்ஸுக்கு ஒதுக்கிய தோப்பூரில் இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். ஒருவர் "எய்ம்ஸில் மாணவர் சேர்க்கை தொடங்கியது" என்று தலைப்புப் போடலாம், இன்னொருவர் "கட்டடமே இல்லாமல் வகுப்பு" என்று போடலாம். இரண்டும் உண்மைதான். எதை விட்டார்கள் என்பது இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் தெரியும். நம்மில் எத்தனை பேர் இரண்டையும் படிக்கிறோம்? ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை எழுதினவனை விலைபோனவன் என்கிறோம்.

எங்கள் அப்பா மில் தொழிலாளி, யூனியன்காரர். ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு டீக்கடை, காலை ஆறு மணிக்கே பேப்பர் ஆளுக்கொரு தாளாகப் பிரிந்து கிடக்கும். அப்பாவுக்குப் பிடித்த பேப்பர் எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் ஆகாத பேப்பரை எடுத்து, வரிக்கு வரி திட்டிக்கொண்டே, கடைசிவரை படித்து முடிப்பார். பெரிய நியாயவான் என்று சொல்ல மாட்டேன், சாகும்வரை ஒரே சின்னம்தான். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே அப்பாவுக்குத் தெரியும். நம் போனில் அந்தத் தொந்தரவே கிடையாது, நாம் தலையாட்டுகிற தாள் மட்டும்தான் வரும்.

"நீ மட்டும் யோக்கியமா, உனக்குச் சார்பே கிடையாதா?" ஏன் இல்லை, அப்பாவின் சின்னம்தான் எனக்கும், ஒளிக்கவா முடியும், என் பழைய பதிவுகள் எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன. என் கட்சிக்காரர் மாட்டினார் என்று செய்தி வந்தால் கை தானாக 'லிங்க் இருக்கா' என்று டைப் பண்ணும், எதிர்க்கட்சிக்காரர் என்றால் தானாக ஷேருக்குப் போகும். கை போகட்டும், அழுத்துவதற்கு முன்னால் இது என் ஆளைப் பற்றி வந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று ஒரு தடவை யோசிக்கலாம் இல்லையா? அதை யோசித்ததற்குத்தானே நக்கிப் பட்டம் கொடுத்திருக்கிறீர்கள்.

"அநியாயம் நடக்கும்போது நடுநிலை பேசுவது அநியாயக்காரனுக்குத் துணை" என்று ஒரு தோழர் பெரிதாக எழுதியிருந்தார். நல்ல வசனம். எது அநியாயம் என்று தெரிந்துகொள்ளத்தானே தோழர் ஆதாரம் கேட்டேன்.

யார் திட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை, பழகிவிட்டது. அந்த நக்கி கமெண்ட் போட்டவன் மட்டும் என் மாப்ளே, பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும். மாப்ளே, நீ ஷிப்டில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் உன் மகளை ஸ்கூலில் இருந்து கூட்டி வந்தவன் நான். முதல் நாள் அவள் என் பைக்கில் ஏற மாட்டேன் என்று நடுரோட்டில் கத்தி அழுதாள், பெட்டிக்கடையில் நிறுத்திச் சாக்லேட் வாங்கிக் கொடுத்துத்தான் ஏற்றினேன். அதை எவனாவது வீடியோ எடுத்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று போட்டிருந்தால், நீ யாரென்று கேட்டிருப்பாயா, இல்லை நாலு குரூப்புக்கு அனுப்பியிருப்பாயா? கமெண்டில் வந்து பதில் சொல்லாதே. போன் பண்ணு.