மேப்பை நெட்டாக எழுதினால் என்ன குற்றம்?

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். என் கேமின் மேப் ஃபைலை, அதாவது எந்தக் கட்டத்தில் தரை, எதில் குழாய் என்று எண்ணெண்ணாக எழுதி வைத்த ஃபைலைப் படம் எடுத்துப் போட்டு, "ஒரு 2டி அரேவில் (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் சாதாரண அட்டவணை) முடிகிற வேலைக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று ஒரு கேள்வி. கீழே வரிசையாகச் சிரிப்பு.

சரி, சிரியுங்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கேம் எந்த வரிசையில் படிக்கப்போகிறதோ, அந்த வரிசையில் மேப்பை எழுதுங்கள். பக்கவாட்டில் நகரும் கேமில் திரையின் ஓரத்தில் புதிதாக நுழைவது மேலிருந்து கீழாக ஒரு வரிசை. அப்போது ஃபைலும் நெட்டு வரிசை நெட்டு வரிசையாகத்தானே இருக்க வேண்டும்?

என் முதல் கேமில் நானும் குறுக்கேதான் எழுதினேன். 200 கட்டம் நீளம், 15 கட்டம் உயரம். ஆக 15 வரி, வரிக்கு 200 எண். நடுவில் ஒரு குழியை ஒரு கட்டம் அகலமாக்க, 15 வரியிலும் இடம் தேடி ஒவ்வொரு எண்ணாகச் செருக வேண்டும். ஒரு நாள் 9ஆவது வரியை விட்டுவிட்டேன். அங்கிருந்து லெவல் முடியும்வரை அந்த அடுக்கு மட்டும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப்போய், குழாய்கள் எல்லாம் இடுப்பில் வெட்டி ஒட்டியதுபோல் நின்றன. நெட்டாக எழுதியிருந்தால் செருக வேண்டியது ஒரே வரி.

அதைவிடக் கேவலம், எதிரிகளையும் அதே கட்டங்களில் எண்ணாகப் போட்டிருந்தேன். புதர் முன்னால் நிற்கும் எதிரியை மிதித்தால் எதிரி போய்விடும், புதரில் ஒரு கறுப்புச் சதுரம் மிஞ்சும். கட்டத்துக்கு ஒரு எண்தானே, எதிரி இருந்த இடத்தில் புதரே இல்லை! இது மண்டையில் ஏற இரண்டு ராத்திரி ஆனது. அன்றிலிருந்து தரை தனி, எதிரிப் பட்டியல் தனி. பட்டியலும் இடமிருந்து வலமாக. திரை நகர நகர அடுத்த ஆளை மட்டும் பார்த்தால் போதும்.

"இது என்ன 1985ஆ? மெமரி கொட்டிக் கிடக்கிறதே" என்பீர்கள். 1985ஐயே எடுத்துக்கொள்வோம். சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி. அதில் 8 கேபி படங்கள். 32 லெவல். ஒவ்வொன்றும் என் லெவல் அளவு என்று வைத்து, கட்டத்துக்கு ஒரு பைட் போட்டால் மேப் மட்டுமே 96,000 பைட், அதாவது சுமார் 94 கேபி. உள்ளேயே போகாது. அதனால் அவர்கள் கட்டங்களை எழுதாமல் பொருள்களை எழுதினார்கள். "இங்கே குழாய், இவ்வளவு உயரம்" என்பதற்கு இரண்டே பைட். முதல் பைட்டில் பாதி எத்தனையாவது நெட்டு வரிசை, மீதிப் பாதி எந்த உயரம். இரண்டாவதில் என்ன பொருள், எவ்வளவு பெரியது, அடுத்த திரைக்குத் தாண்டியாச்சா. எதிரிகள் அங்கேயும் தனிப் பட்டியல்தான். அவர்களும் பில்டப் பண்ணினார்கள் போல.

வேகம்? இன்றைய கணினியில் எப்படிப் படித்தாலும் வித்தியாசம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது அதைத் திறந்து திருத்தப்போகிற மனுஷனுக்காக.

"மேப் வரையவே டைல்டு எடிட்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறதே, தெரியாதா?" என்று ஒரு மேதாவி. ஐயா, முதலில் நானும் அதில்தான் வரைகிறேன். அது குறுக்கே எழுதித் தருவதை நெட்டாகத் திருப்பச் சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. அப்புறம் திருத்துவதெல்லாம் கையால்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் ஒரு லெவலையாவது முழுசாக முடித்திருக்கிறீர்கள்? ஹீரோவை வரைந்தவனுக்கு ஹார்ட்டின் விடுகிறீர்கள். அவன் காலுக்குக் கீழே தரையை அடுக்கியவன் என்றால் இளக்காரம். யாராவது தெரியாதவன் போட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். படத்தைப் போட்டவனோ ஒரு வருஷம் இதே கேமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். 118ஆவது வரிசைக்குப் பக்கத்தில் என் குறிப்பு தெரியும்: "அவனால் தாண்ட முடியவில்லையாம், குழியை ஒரு கட்டம் குறைத்தாச்சு." அவன் என்றால் இவன்தான். அந்த வரியையாவது வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம்.